காலத்திற்கு ஒரு வரப்பு

ஓர் ஊரின் வாழ்வை அறிய விரும்புவோர், அவ்வூரார் செய்யும் தொழில் யாது என்று முதற்கண் வினவுவது வழக்கம். அதிராம்பட்டினத்தைக் குறித்து ஐம்பதாண்டுகட்கு முன் இங்ஙனம் வினவியிருந்தால், மீன் பிடித்தல், உப்பு விளைத்தல், நெல்லும் தென்னையும் பயிரிடுதல், கடல் கடந்து சென்று பொருளீட்டுதல் என்னும் நான்கையே விடையாகக் கூறியிருப்பர். இலங்கைக்கும் மலேயாவிற்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் அரபு நாடுகட்கும் சென்று தம் குடும்பங்களைப் புரந்தவர் அவ்வூரிற் பலர். இன்று அந்நான்கனோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துளது. அதுவே கணினித் தொழில். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய பழைய மாணவருள்ளும், இப்போது பயிலும் மாணவருள்ளும் இத்தொழிலை நாடுவோர் தொகை சிறிதன்று. ஆதலின், இத்தொழிலில் உள்ளோர் நாள்தோறும் நுகரும் இன்ப துன்பங்கள் யாவை, அவர் தம்முட் பேசிக்கொள்வன யாவை, அவற்றுள் நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்தல் பயனுடைத்தாகும். யான் அவ்வூரினன், இத்தொழிலிற் பதினைந்தாண்டு கழித்தவன். சென்னையிலும் பெங்களூரிலும் உடன் உழைத்தோர் சொல்லக் கேட்டனவும், ஊரிற் கண்டனவுமே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

முதலில் ஊராரின் கருத்தை நோக்குவோம். “நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், இதில் வருத்தம் என்ன இருக்கிறது?” என்பர் பெரியோர். நாற்று நட்டுக் குனிந்த முதுகும், உப்பளத்து வெயிலிற் காய்ந்த கால்களும் உடையார் இங்ஙனம் கூறுதல் இயல்பே. அதனைப் பழித்தல் தகாது. மாணவரின் கருத்து வேறு. தொடக்கத்தில் ஊதியம் எவ்வளவு, எத்தனை ஆண்டில் வெளிநாடு செல்லலாம் என்னும் இரண்டே அவர் கேட்பன. தொழிலில் உள்ளோரோ வேறு பலவற்றைப் பேசுவர். பெரிய கம்பெனிகளிற் புதிதாகச் சேர்வோர்க்கு ஆண்டுக்கு 3 இலட்சம் முதல் 3½ இலட்சம் ரூபாய் என்னும் தொகை பத்தாண்டுகட்கு மேலாகப் பெரிதும் உயராது நிற்கின்றதே என்பது ஒன்று. கையில் வேலையின்றிப் ‘பெஞ்சில்’ இருக்கும் நாட்களில் எப்போது வெளியேறச் சொல்வரோ என்னும் அச்சம் ஒன்று. ஆண்டு முடிவில் நடக்கும் ‘அப்ரைசல்’ என்னும் மதிப்பீட்டில், நன்கு உழைத்தார் ஒருவரைக் கீழே தள்ளினாலன்றி மற்றொருவரை மேலே ஏற்ற இயலாத முறை ஒன்று. வேலையை விட விரும்பினால் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்னும் கட்டு ஒன்று. டாட்டா கன்சல்டன்சி கம்பெனி 2025 ஜூலையில், தன் ஊழியருள் நூற்றுக்கு இருவரை, அஃதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்த பின்னர், செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சும் அச்சமும் இவற்றோடு கூடின.

இக்குறைகள் யாவும் மெய்யே. ஆயினும், இவற்றிற்கெல்லாம் அடியில் ஒன்று உளது. அதனை எவரும் குறையெனப் பெயரிட்டுக் கூறுவதில்லை. பெருமூச்சாக மட்டும் வெளியிடுவர். “வேலை எப்போது முடியும்?” என்று தாய் கேட்டால், மகனோ மகளோ விடை கூற மாட்டாமல் விழிக்கும் நிலையே அது. இத்தொழிலிற் காலத்திற்கு எல்லை இல்லை. இதுவே தலையாய குறை என்பதும், இது தீர்க்கக் கூடியதே என்பதும் என் கருத்து.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை இத்தொழிலை அறியாதார்க்கும் விளங்கக் கூறுகின்றேன். நம் நாட்டுக் கணினித் தொழிலிற் பெரும்பகுதி பிற நாட்டார்க்குச் செய்யும் ஊழியம். அமெரிக்காவில் உள்ள ஒரு வங்கியோ மருந்துக் கடையோ ஆஸ்பத்திரியோ தன் கணக்குகளை நடத்தும் கணினி நிரல்களை எழுதவும், பழுது நேர்ந்தால் திருத்தவும் நம்மவரை அமர்த்துகின்றது. நியூயார்க் நகரிற் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது, அதிராம்பட்டினத்தில் மாலை 6.30 மணி, அவர்கட்குக் குளிர்காலமாயின் இரவு 7.30 மணி. கலிபோர்னியாவிற் காலை 9 மணி ஆகும்போதோ, நம் ஊரில் இரவு 9.30 மணி, குளிர்காலத்தில் 10.30 மணி. ஆகவே, அவர் நாள் தொடங்கும் வேளையில் நம்மவர் நாள் முடிகின்றது. முடிகின்றது என்பது பஞ்சாங்கத்தின்படி, தொழிலின்படி அன்று. காலையில் இங்குள்ள மேலதிகாரிக்காக ஒரு மீட்டிங். மாலையில் அங்குள்ள வாடிக்கையாளர்க்காக மற்றொரு மீட்டிங். இவ்விரண்டிற்கும் இடையே நிரல் எழுதும் உண்மையான வேலை. இவையன்றி ‘ஆன்கால்’ என்பதொன்று உண்டு. நள்ளிரவில் எங்கேனும் ஒரு கணினி பழுதுற்றால், முறைப்பாடு ஒன்று ‘டிக்கெட்’ என்னும் பெயரொடு நம்மவர் கைப்பேசியில் வந்து ஒலிக்கும்; குறித்த நிமிடங்களுக்குள் எழுந்து விடை தருதல் வேண்டும்.

இரவில் வேலை செய்வதே துன்பம் என்று யான் கூறவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரவில் விழித்திருக்கின்றார். ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் விழித்திருக்கின்றார். மீனவர் வைகறைக்கு முன்னரே கடலிற் செல்கின்றார். அவர்தம் உழைப்பு கணினி ஊழியர் உழைப்பினும் கடியது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அடுத்த ஷிப்டுக்காரர் வந்து பொறுப்பேற்றதும் நர்ஸ் வீடு செல்கின்றார். படகு கரையேறி மீன் ஏலம் போனதும் மீனவர் வலையை உலர்த்திவிட்டு உறங்குகின்றார். அவர்க்கு வேலை முடிந்தது என்று சொல்லும் ஒரு கணம் உண்டு. கணினி ஊழியர்க்கு அக்கணம் இல்லை. மேசையின் மேல் மூடிவைத்த மடிக்கணினி, மூடியிருந்தும் திறந்தே உளது.

2018 நவம்பர் 16 ஆம் நாள் வைகறையில் கஜா புயல் நம் கடற்கரையைத் தாக்கியதை எவரும் மறந்திரார். அதிராம்பட்டினத்திலும் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் தலைமுறைகளாக வளர்த்த தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் ஒருவர், வீட்டுக் கூரை பறந்த மறுநாள், தொலைபேசிக் குறி கிடைக்கும் இடம் தேடிச் சாலையில் நெடுந்தூரம் நடந்தார். குறி கிடைத்ததும் முதலில் வந்த செய்தி, ‘எப்போது வேலைக்குத் திரும்புவீர்?’ என்பது. அதனை அனுப்பியவர் கொடியவர் அல்லர். அவர்க்கும் மேலிருந்து அதே வினா வந்திருந்தது. எல்லையில்லாத ஏற்பாட்டில் நல்லவரும் நல்லவராக நடக்க இயலாது போகின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, இத்தொழில் ஒரு புதிய நிலையை அடைந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருந்த ஊழியர்கள் தத்தம் ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்தனர். பொருள் தேடப் புறப்பட்டவரை வழியனுப்பியே பழகிய ஊர், பொருள் தேடுவோர் வீட்டிற்குள்ளேயே இருப்பதை அப்போது கண்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. நகரத்து வீட்டு வாடகை மிஞ்சியது. முதிய பெற்றோர்க்கு மருந்து வாங்கித் தர மகன் அருகிருந்தான். அனைத்தினும் மேலாக, பட்டம் பெற்றும் வெளியூர் சென்று தங்க வீட்டார் இசையாமையால் வேலையின்றி இருந்த பெண்கள், தம் வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கலாம் என்னும் வழி திறந்தது. பின்னர்க் கம்பெனிகள் பல, வாரத்திற் சில நாட்களேனும் அலுவலகம் வருதல் வேண்டும் என்று விதித்தபோது, அவ்வழி அவருட் பலர்க்கு மீண்டும் அடைபட்டது. இதனை நாம் சிறு செய்தியாகக் கருதலாகாது.

எனினும், வீடு அலுவலகமானதாற் காலத்தின் எல்லையில் எஞ்சியிருந்ததும் அழிந்தது. அலுவலகத்திற்குச் சென்ற காலத்திற் கடைசிப் பேருந்து என்னும் ஓர் எல்லையாவது இருந்தது. வீட்டில் அதுவும் இல்லை. “வீட்டிலேதானே இருக்கிறாய், சற்று வந்து போ” என்பர் உறவினர். “வீட்டிலேதானே இருக்கின்றீர், இதனையும் இன்றிரவே முடித்துத் தாரும்” என்பர் மேலதிகாரி. பெண்களின் நிலை இன்னும் கடினம். அடுப்பில் உலையும் மேசையில் மீட்டிங்குமாக, இரண்டு முழு வேலைகளை ஒரே பகலில் அவர் செய்ய நேர்ந்தது. வேலை வீட்டிற்கு வந்தது நன்றே. எல்லையின்றி வந்ததே தீது.

இங்கு ஒரு மறுப்பு எழும். “நாடு முன்னேறும் காலத்தில் இளைஞர் மணிக்கணக்குப் பார்க்கலாமா?” என்பர் சிலர். இன்போசிஸ் கம்பெனியை நிறுவியவருள் ஒருவராகிய திரு. நாராயண மூர்த்தி, இளைஞர் வாரத்திற்கு 70 மணி உழைத்தல் வேண்டும் என்று 2023 அக்டோபரிற் கூறினார். அவர்தம் உழைப்பும் ஆற்றலும் போற்றற்குரியன. ஆயினும், அக்கணக்கைச் சிறிது விரித்துப் பார்ப்போம். வாரம் ஐந்து நாள் வேலையாயின், நாளொன்றுக்கு 14 மணி. ஆறு நாளாயின், 11 மணி 40 நிமிடம். உறக்கத்திற்கு எட்டு மணியும் போக்குவரவிற்கு இரண்டு மணியும் ஒதுக்கினால், ஐந்து நாள் கணக்கில் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆறு நாள் கணக்கில் எஞ்சுவது இரண்டேகால் மணிக்குச் சற்று மேல். அதற்குள் குளித்தலும் உண்ணலும் குழந்தையோடு பேசுதலும் முடிதல் வேண்டும். உடலும் இதனைத் தாங்காது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021 இல் கூடி வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரை நோக்க, மூளை இரத்தக்குழாய் நோயாகிய பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் மிகுதி. இளைஞரின் உடலை இங்ஙனம் செலவழித்து முன்னேறும் நாடு, முதல் தீர்ந்தபின் எதனைக்கொண்டு வாணிகம் செய்யும்?

மற்றொரு மறுப்பும் உண்டு. “நாம் எல்லை வகுத்தால், வேலை வேறு நாட்டிற்குப் போய்விடும்” என்பது அது. அச்சம் நேர்மையானது. ஆனால், எல்லை வகுத்தல் வேறு, வேலையை மறுத்தல் வேறு. இவ்வேற்றுமையை விளக்க வேறெங்கும் செல்ல வேண்டா. நம் காவிரி நாட்டிலும் கடற்கரையிலுமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உள.

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின், கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பகுதிக்கு நீர் வந்தது. அக்கால்வாயின் கடைமடையில் உள்ள உழவர், தண்ணீர் குறையும் காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுதலை நன்கு அறிவர். இன்னின்ன நாள் இன்ன வாய்க்காலுக்கு என்று வகுத்துக் கொள்வதால், எல்லார் பயிரும் பிழைக்க வழியுண்டு. ஆற்றிற்கும் ஓய்வு உண்டு. அணை திறக்கும் மரபான நாள் ஜூன் 12. மூடும் மரபான நாள் ஜனவரி 28. கடலின் செய்தியும் இத்தகையதே. கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலிற் செல்லாமல் மீன்வளம் பெருக விடுகின்றன. இது மட்டுமன்று. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் முதலிய துறைகளில், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகட்கும் ஏனைய நாட்கள் நாட்டுப்படகுகட்கும் என்று காலத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கம் உண்டு. இவ்வேற்பாடுகளாற் கடல் வேறு நாட்டிற்குப் போய்விடவில்லை. மீன்பிடித் தொழிலும் அழியவில்லை. முறையின்றி வலைவீசியிருந்தாலன்றோ அது அழிந்திருக்கும்!

வயலுக்கு வரப்பு எதற்கு? நீரைத் தடுப்பதற்கென்று மட்டும் எண்ணுதல் தவறு. நீரை நிறுத்திப் பயிர்க்குப் பயன்படச் செய்வதும் அவ்வரப்பே. வரப்பில்லாத வயலில் எவ்வளவு நீர் பாய்ந்தாலும் தங்காது. காலமும் அத்தகையது. எல்லை வகுத்த எட்டு மணி நேரத்திற் கருத்தூன்றிச் செய்யும் வேலை, தூக்கக் கலக்கத்திற் பதினான்கு மணி நேரம் செய்யும் வேலையினும் சிறந்தது என்பதனை, நள்ளிரவில் எழுதிய நிரலை மறுநாள் முழுதும் திருத்தியிருந்த எவரும் ஒப்புவர்.

சட்டமும் இவ்வகையில் நமக்குப் பகையன்று. 1919 இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் செய்த முதல் உடன்படிக்கையே, நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் அளவைப் பற்றியது. தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் அதே அளவை விதிக்கின்றது. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணிக்கு மேற்படலாகாது என்றும், மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் தருதல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளார்க்கு அதில் விலக்கு உண்டு. கணினி ஊழியர்க்குத் தொழிற்சட்டம் பொருந்தாது என்று பலரும் நெடுநாள் நம்பியிருந்தனர். அவ்வாறன்று, அவர்க்கும் தொழிற்றகராறுச் சட்டம் பொருந்தும், சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016 இல் தெளிவுபடுத்தியது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துளது. பதவிக்கு இட்ட பெயர் எதுவாயினும், உண்மையிற் செய்யும் வேலையின் தன்மை யாது என்பதே இத்தகைய வழக்குகளில் நோக்கப்படுவது. ஆதலின், ‘மானேஜர்’ என்னும் பட்டம் ஒன்றினைக் கண்டு மயங்கித் தம் உரிமையை ஒருவர் இழந்துவிட வேண்டா.

சங்கம் என்றதும் படித்தோர் சிலர் முகம் சுளிப்பர். அது ஆலைத் தொழிலாளிக்கு உரியது, மேசை ஊழியர்க்கு ஏற்றதன்று என்பர். 1918 ஏப்ரல் 27 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, திரு. பி. பி. வாடியாவோடு அதற்குத் துணைநின்ற திரு. வி. கலியாணசுந்தரனார் யாவர்? வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். மிஷன் கல்லூரியொன்றின் தமிழ் வகுப்பிலிருந்து சென்றவர் பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் பக்கம் நின்றார் என்பதை நம் போன்ற கல்லூரியார் மறத்தலாகாது. கல்வி ஒருவரைத் தொழிலாளர் இனத்திலிருந்து பிரிப்பது அன்று.

இனி, செய்யத் தக்கன யாவை? கம்பெனிகள் ஆன்கால் வேலையைக் கடைமடைப் பாசனம்போல் முறைவைத்து நடத்துதல் வேண்டும். முறை வந்தவர்க்கு மறுநாள் ஓய்வும், விழித்த மணிக்கு ஊதியமும் அளித்தல் வேண்டும். கடல் கடந்த மீட்டிங்குகளில் எப்போதும் நம்மவரே இரவை இழத்தல் நீதியன்று. ஒரு வாரம் நாம் இரவில் விழித்தால், மறு வாரம் அவர் வைகறையில் எழலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையை, சிறப்பாகச் சிற்றூர்ப் பெண்களை நினைந்து, முற்றும் பறித்தல் கூடாது. தஞ்சையில் 2024 செப்டம்பரில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது நல்லதொரு தொடக்கம். அஃது அதிராம்பட்டினத்திற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உளது. வேலை ஊரருகே வருதலும் காலத்தை மீட்டுத் தரும் ஒரு வழியே.

வீட்டாரும் ஒன்று செய்தல் வேண்டும். மகளோ மருமகளோ கணினி முன் இருக்கும் நேரம் உத்தியோக நேரம் என்று மதித்தல் வேண்டும். அடுப்படி வேலையில் ஆடவரும் பங்கு கொள்ளுதல் வேண்டும்.

மாணவ நண்பர்கள் நேர்முகத் தேர்விற்குச் செல்லும்போது, ஊதியத்தை மட்டும் கேட்டு மீளாதீர்கள். இரவு முறை யாருக்கு, எத்தனை நாளுக்கொரு முறை, அதற்கு ஈடு யாது என்னும் மூன்றையும் பணிவோடு கேளுங்கள். கேட்டதனால் வேலை தர மறுக்கும் இடம், தந்தபின் உறக்கத்தைத் தர மறுக்கும் இடமேயாகும்.

என் வேண்டுகோளிற் பெரும்பகுதி, மேலதிகாரிகளாக விளங்கும் நம் பழைய மாணவர்கட்கே உரியது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு அனுப்ப எண்ணிய செய்தியை மறுநாட் காலை வரை நிறுத்திவைக்கும் அதிகாரம் இன்றே உங்கள் கையில் உளது. உங்கட்குக் கீழ் உழைக்கும் பத்துப் பேர், “வேலை எப்போது முடியும்?” என்று தாய் கேட்கும்போது மணி குறித்து விடை சொல்லக் கூடுமாயின், நீவிர் இத்தொழிலுக்குச் செய்த தொண்டு சிறிதாகாது.